சென்னையில் நேரடி இசை கேட்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுனெஸ்கோ அமைப்பு 2017ஆம் ஆண்டு சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்தபோது பலருக்கும் மார்கழிக் கச்சேரிகளே நினைவுக்கு வந்தன. அந்தப் பெருமையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்த நகரத்தில் ஓர் இசை மட்டும் இல்லை. மாட வீதியில் நள்ளிரவில் ஒலிக்கும் நாகசுரம், புளியந்தோப்பின் துக்க வீட்டில் விடியும்வரை பாடப்படும் கானா, எழும்பூர்த் தேவாலயத்தின் சேர்ந்திசை, ஆடி மாதத் தெருமேடையின் மெல்லிசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி இடமும் பொழுதும் கேட்கும் முறையும் உண்டு. நகரத்துக்குப் புதிதாக வந்தவர்களையும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் கூவத்தின் அந்தக் கரைக்கு இசை கேட்கப் போயிராதவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

நேரடி இசை கேட்கச் சென்னைக்கு எந்த மாதத்தில் வருவது நல்லது?

இரண்டு வாரங்கள்தான் கைவசம் உள்ளன என்றால் டிசம்பர் நடுவில் வந்து சனவரி முதல் நாள்வரை தங்குங்கள். கச்சேரிகள் நடத்தும் அமைப்புகளான சபாக்களின் விழாக்களும் தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் இசையும் தமிழிசைச் சங்கத்தின் விழாவும் அந்த நாட்களில்தான் அருகருகே நடைபெறுகின்றன. இன்னும் இரண்டு வாரம் கூடுதலாகத் தங்க முடிந்தால் பொங்கலை ஒட்டி நடக்கும் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளையும் பார்த்துவிடலாம்.

ஆனால் டிசம்பரைத் தவறவிட்டவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பங்குனியில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் பத்து நாள் பெருவிழா நடக்கிறது. இராமநவமிக் காலத்தில் மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் கச்சேரிகள் நடைபெறும். ஆடி மாதம் பிறந்துவிட்டால் வடசென்னையின் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும் அதே தெருவில் இரவானதும் மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரியும் நடக்கும். ஆகஸ்ட்டில் தியாகராய நகர் ஸ்ரீ கிருஷ்ண கான சபா கோகுலாஷ்டமி இசைவிழாவை நடத்துகிறது. நவராத்திரியின்போது கோயில்களிலும் கொலு வைத்த வீடுகளிலும் பாட்டு உண்டு. வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதம் மட்டும் ஓரளவு வறண்ட காலம்.

மார்கழி சீசனில் எத்தனையோ சபாக்கள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

பெயர் பெற்ற இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சென்னையின் சபாக்களில் இன்றும் இயங்கும் மிகப் பழைய சபா திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா. அது 1900இல் தொடங்கப்பட்டது. மியூசிக் அகாடமியோ 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாகப் பிறந்து, 1928இல் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றோடு நாரத கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் என்று பட்டியல் நீளும். பெரும்பாலானவை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் ஆகிய மூன்று பகுதிகளுக்குள் அடங்கிவிடுவதால், ஒரே நாளில் இரண்டு மூன்று அரங்குகளுக்குப் போவது எளிது.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிற்பகல் கச்சேரிகளையே. நண்பகலிலும் மதியம் இரண்டு மணியளவிலும் இளைய கலைஞர்கள் பாடுவார்கள். பல சபாக்களில் இந்த நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; விரும்பிய வரிசையில் உட்காரலாம். பாதி காலியாக இருக்கும் அரங்கில், இன்னும் பெயர் எடுக்காத இருபது வயதுப் பாடகர் தான் ஆண்டு முழுவதும் செய்த இசைப் பயிற்சியை ஒன்றரை மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பதைக் கேட்பது பெரும் பேறு. மாலைக் கச்சேரிகளில் கேட்கக் கிடைக்கும் முதிர்ச்சி இங்கே இருக்காது. ஆனால் துணிவு இருக்கும். முன்வரிசையில் நான்கு பேர் கவனித்துக் கேட்டாலே பாடுபவரின் முகம் மாறுவதையும் அங்கே பார்க்கலாம்.

மாலை நேரத்து மூத்த கலைஞர்களின் கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும். சீசன் சீட்டு எடுத்தவர்களுக்கு ஒதுக்கியது போக மீதமுள்ளவை நாள்தோறும் விற்கப்படும். மிகவும் விரும்பப்படும் கலைஞர் என்றால் அன்று காலையிலேயே போய்க் கேட்பது நல்லது. அகாடமியில் காலை வேளைகளில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளையும் தவறவிடாதீர்கள். ஒரு ராகத்தின் வரலாற்றையோ ஒரு பாடலைப் பாடும் மரபான பாடாந்தரத்தின் வேறுபாட்டையோ பாடிக் காட்டி விளக்கும் அந்த அமர்வுகள், கேட்கும் காதைப் பழக்கும் பள்ளிக்கூடம்.

எனக்கு ராகமும் தாளமும் தெரியாது. கச்சேரியில் என்ன நடக்கிறது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

தெரியாமலே போகலாம், தயங்க வேண்டாம். இன்று நாம் கேட்கும் கச்சேரியின் அமைப்பு பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துத் தந்தது என்பது இசையுலகில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வர்ணத்தில் தொடங்கி, சில சிறிய உருப்படிகளை, அதாவது பாடல்களை, பாடி, நடுவில் ஒரு பெரிய உருப்படியை விரித்து, பிறகு துக்கடாக்கள் எனும் எளிய சிறு பாடல்களைப் பாடி, மங்களத்தில் முடிப்பது அந்த முறை. பெரிய உருப்படிக்கு முன்னால் சொற்கள் ஏதுமின்றிப் பாடகர் ராகத்தை மெல்ல மெல்லக் கட்டுவார், அதுவே ஆலாபனை. அவர் பாடி நிறுத்தியதும் வயலின்காரர் அதே ராகத்தைத் தன் வழியில் வாசிப்பார். பாட்டின் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வெவ்வேறு விதமாகப் பாடினால் அது நிரவல். ச, ரி, க, ம என்று சுரங்களாகவே பாடினால் அது கற்பனை சுரம். இவ்வளவு தெரிந்தால் முதல் கச்சேரிக்குப் போதும்.

முதல் நாள் ஒரு காரியம் செய்து பாருங்கள். தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் முன்வரிசைக்கு அருகில் உட்காருங்கள். மிருதங்கக் கலைஞர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் அப்பிக்கொண்டிருப்பார். அந்த ஈர ரவைதான் மிருதங்கத்தின் அடிநாதத்துக்குக் கனம் தருகிறது. பிறகு ஒரு சிறு கல்லால் வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பில் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். ஒரு தட்டு, காதைக் கொடுத்துக் கேட்பது, மீண்டும் ஒரு தட்டு. தம்புராவும் வயலினும் மிருதங்கமும் ஒரே அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜமத்தில் வந்து இணையும் கணத்தில் அரங்கின் பேச்சுச் சத்தம் தானாகவே தணியும். அந்தக் கணத்தை உணர்ந்துவிட்டால் இனி வரும் இரண்டரை மணி நேரமும் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

தனி ஆவர்த்தனத்தின்போது பலர் எழுந்து போகிறார்களே, நானும் போகலாமா?

போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய உருப்படிக்குப் பின் மிருதங்கமும், உடன் கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ இருந்தால் அவையும், மாறி மாறி வாசித்து, தாளக் கணக்கின் முடிவான கோர்வையில் வந்து இணையும் பகுதி அது. அன்றைய மாலை முழுவதும் மற்றவருக்குத் துணை நின்ற கலைஞர்களுக்குக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அது. அந்த நேரம் பார்த்துக் கேன்டீனுக்கு எழுந்து போகும் வழக்கம் நம் சபாக்களுக்கு அழகு சேர்ப்பதாக இல்லை. கீரை வடையும் காபியும் கச்சேரி முடிந்த பிறகும் கிடைக்கும். கைத்தாளம் போடத் தெரியாதவர்கள் பக்கத்தில் தாளம் போடுபவரின் கையைப் பார்த்தபடி கேட்டால் போதும். கணக்கு எங்கே விலகிப் போய் எங்கே வந்து சேர்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

நாகசுரமும் தவிலும் எங்கே கேட்கலாம்?

சபாக்களின் தொடக்க நாளில் மங்கல இசையாக நாகசுரம் வாசிக்கப்படுகிறது. ஆனால் அந்த வாத்தியம் பிறந்ததும் வளர்ந்ததும் திறந்த வெளிக்காக. அதைக் கூரையின் கீழ், ஒலிபெருக்கியின் முன்னால் கேட்டவர்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே பங்குனிப் பெருவிழாவுக்கு மயிலாப்பூர் வாருங்கள். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அறுபத்துமூவருக்குத்தான் கூட்டம் அலைமோதும். இசைக்காக வருபவர்கள் ஐந்தாம் நாள் இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளி ரிஷபத்தின் மீது சுவாமி புறப்படும்போது மல்லாரி வாசிப்பார்கள். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. கம்பீரநாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே அமைந்த இசை அது. மாட வீதியில் ஊர்வலம் ஓரிடத்தில் நிற்கும். அங்கே நாகசுரக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு அவசரமில்லாமல் விரிப்பார். நடுவே நிறுத்தி, வாத்தியத்தில் கோத்துத் தொங்கவிட்ட, ஊதுவாயில் பொருத்தும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து நாவில் ஈரப்படுத்திப் பொருத்திக்கொள்வார். தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடுகள், இடக்கையில் கழி. நீங்கள் இரண்டு அடி தூரத்தில் நின்றால் தவிலின் ஒலி உங்கள் நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். அந்த இரவில் சீட்டும் இல்லை, இருக்கையும் இல்லை. பூக்கடைக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் பட்டுப்புடவை உடுத்திய பாட்டியும் ஒரே தோடி ராகத்தை ஒன்றாக நின்று கேட்பார்கள்.

தமிழ்ப் பாடல்களை மட்டும் கேட்க விரும்புகிறேன். அதற்கு இடம் உண்டா?

உண்டு. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுந்திருந்த காலத்தில், தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று எழுந்ததே தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவானது. உயர்நீதிமன்றத்துக்கு அருகில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அதன் இசைவிழா நடக்கிறது. பண் ஆராய்ச்சிக் கூட்டமும் அதனோடு சேர்ந்தே கூடுகிறது. தேவாரப் பண்களுக்கும் இன்றைய ராகங்களுக்கும் உள்ள உறவை, கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார்களும் ஆய்வாளர்களும் பாடிக் காட்டி விவாதிக்கும் அந்தக் கூட்டத்துக்கு இளைஞர்கள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் ஆசை. உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் மன்றம் பக்கத்திலேயே இருக்கிறது.

தேவாரத்தை அதன் சொந்த இடத்தில் கேட்க விரும்புபவர்கள் பூசை வேளையில் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும். மயிலாப்பூரில் நின்று கேட்கும்போது ஒரு தனி நெகிழ்ச்சி உண்டு: திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் இந்த ஊரின் திருவிழாக்களையே பாட்டுக்குப் பாட்டு எண்ணிச் சொல்கிறது. ஐப்பசி ஓணமும் கார்த்திகை விளக்கீடும் மார்கழித் திருவாதிரையும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் அதில் வருகின்றன. ஏழாம் நூற்றாண்டின் விழாப் பட்டியலை, அந்த விழாக்கள் இன்றும் நடக்கும் தலத்திலேயே நின்று கேட்கிறோம். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021இல் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டார் என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

கானாப் பாட்டை எங்கே கேட்கலாம்? துக்க வீட்டுக்குப் போய்க் கேட்கலாமா?

கானா வடசென்னையின் உழைக்கும் மக்களுடைய இசை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம், காசிமேடு ஆகிய இடங்களின் சந்துகளில், துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்களிடையே வளர்ந்தது. டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் தகர டப்பா, தீப்பெட்டி, மேசைப் பலகை எது கிடைக்கிறதோ அதுவே தாளம். நரம்பு வாத்தியமான புல்புல்தாராவும் சேர்ந்துகொண்டால் கச்சேரி களைகட்டிவிடும். திருமணம், பிறந்தநாள், காதுகுத்து எல்லாவற்றுக்கும் கானா உண்டு. ஆனால் அதன் ஆழம் தெரிவது சாவு வீட்டில்தான். இறந்தவரின் பெயர், அவர் பார்த்த வேலை, அவர் பழகிய நண்பர்கள், விட்டுச்சென்ற பிள்ளைகள் என்று அனைத்தையும் பாட்டில் வைத்து, உடல் கிடத்தப்பட்ட பந்தலில் இரவு முழுவதும் பாடுவார்கள். பதினாறாம் நாள் படத்திறப்பிலும் பாடுவார்கள். பட்டினத்தார் சொன்ன நிலையாமையைச் சென்னைத் தமிழில், தெருக்காரர்கள் அனைவரும் சேர்ந்து பாடும் பின்பாட்டோடு கேட்பது போன்ற அனுபவம் அது.

துக்க வீட்டுக்கு அழைப்பில்லாமல், இசை கேட்பதற்காக மட்டும் போவது முறையன்று. அங்கே இருப்பது ஒரு குடும்பத்தின் இழப்பு. அந்தப் பகுதியில் நண்பர்கள் இருந்து, அவர்களோடு துக்கத்தில் பங்கெடுக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு. கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

மேடையில் கேட்கவும் இன்று வாய்ப்புகள் உள்ளன. 1990களில் இசையமைப்பாளர் தேவாவின் திரைப்பாடல்கள் கானாவைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்றன. கானா உலகநாதன், கானா பாலா போன்றோர் திரையில் பாடியதால் இன்னும் பரவலாக அறியப்பட்டார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் கலந்த அந்த மேடையில் சாதியும் இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டின் பொருளாயின. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. குழுவில் இருந்த ஒரே பெண்ணான இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடியதற்காக 2020ஆம் ஆண்டின் பிபிசி 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2020 முதல் நீலம் நடத்திவரும் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவில் கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாடல் அனைத்தையும் ஒரே இடத்தில் கேட்கலாம். ‘மார்கழி’ என்ற சொல்லையே மக்களின் இசைக்கும் உரியதாக்கியது அந்தப் பெயர்.

பறையும் பிற நாட்டுப்புற இசையும் அரங்குக்கு வருவது எப்போது?

பொங்கலின்போது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் சில ஆண்டுகள் நின்றுபோய், 2023இலிருந்து ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் மீண்டும் நடக்கிறது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் விளையாட்டுத் திடல்களிலும் மாலை நேரத்தில் மேடை போடுவார்கள். நையாண்டி மேளம், கொங்கு நாட்டுத் துடும்பாட்டம், பறையாட்டம், கரகம் என்று மாவட்டந்தோறும் இருந்து கலைஞர்கள் வருவார்கள். கட்டணம் இல்லை. பறையைக் கேட்பவர்கள், நிகழ்ச்சிக்கு முன் கலைஞர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஈரம் வற்ற வற்ற ஒலி இறுகிக் கூர்மையாவதை அங்கேயே காதால் பின்தொடரலாம்.

கர்நாடக இசை அரங்குகள் எல்லோருக்கும் திறந்தவையா?

சட்டப்படியும் சீட்டுமுறைப்படியும் எல்லோரும் போகலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் மேடையிலும் பார்வையாளரிலும் பிராமணச் சமூகத்தவரே மிகுதியாக இருப்பதைக் கண்ணுள்ளவர் எவரும் காண்பர். அதற்கு ஒரு வரலாறு உண்டு. மயிலாப்பூர் இசையின் தலைமையிடமாவதற்கு முன்பு ஜார்ஜ் டவுன்தான் அந்த இடத்தில் இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938) அங்கேயிருந்த தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது பெரும் வித்துவான்கள் வந்து வாய் திறவாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அவரைப் போன்ற இசை வேளாளர் மரபினர் காத்து வளர்த்த கலை, சபாக்களின் காலத்தில் மெல்ல அவர்கள் கையை விட்டுப் போனது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம். எஸ். சுப்புலட்சுமிக்கு, வழங்கப்பட்டது 1968இல்தான்.

இந்தச் சுவரை உடைக்க முயன்றவர்களும் உண்டு. கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் மீனவ மக்களோடு சேர்ந்து 2015இல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழாவைத் தொடங்கினார்கள். கடற்கரை மணலில் பறையும் கர்நாடக சங்கீதமும் பரதமும் ஒரே மேடையில் நடந்தன. அலையோசைக்கு நடுவே ஆலாபனை கேட்டவர்களுக்கு அரங்கின் இலக்கணம் இன்னொரு விதமாகவும் இருக்கலாம் என்பது புரிந்தது. கேள்விக்கு நேரான பதில் இது: நீங்கள் யாராக இருந்தாலும் சபாவுக்குப் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். அது உங்களுக்கும் உரிய இசை.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் சேர்ந்திசைக்கும் சென்னையில் இடம் உண்டா?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் தொடங்கிய சேர்ந்திசை அமைப்பு; இன்றும் பாடுகிறது. அண்ணாசாலையின் மியூசி மியூசிக்கல் கடையின் வரலாறு 1842இல் தொடங்குகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் மியூசியம் தியேட்டர், சேத்துப்பட்டின் சர் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கு ஆகியவற்றில் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நவம்பர் இறுதியிலிருந்து தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் கீதங்கள் தொடங்கிவிடும். 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித ஆந்திரேயா தேவாலயத்தின் வட்டக் கூரையின் கீழ் நான்கு குரல்களில் எழும் பாட்டைக் கேட்பதற்கு எந்த மதத்தவராகவும் இருக்கலாம். அமைதியாக இருந்தால் போதும்.

தமிழில் சேர்ந்திசை வேண்டும் என்றால் எம். பி. சீனிவாசனை (1925–1988) நினைவுகூர வேண்டும். திரைப்பட இசையமைப்பாளரும் தொழிற்சங்கவாதியுமான அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் அமைத்துச் சாதாரண இளைஞர்களைப் பாட வைத்தார். வாத்தியங்களின் துணையை நம்பாமல் மனிதக் குரல்களாலேயே எழுப்பிய கட்டடம் அது. சபாக்களுக்கு நடுவே, மயிலாப்பூரின் சாய் லாட்ஜ் அறையொன்றில் இருந்துகொண்டு தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையைக் கற்பித்தார் என்பதும், இளையராஜா அவரிடம் பயின்றார் என்பதும் இந்த நகரத்தின் இசை எப்படியெல்லாம் கலந்தது என்பதற்குச் சான்று.

மெல்லிசைக் கச்சேரிகளும் இளைஞர் குழுக்களும் எங்கே?

திருமண வரவேற்பும் கோயில் திருவிழாவும்தான் மெல்லிசையின் நிலையான மேடைகள். லக்ஷ்மன் ஸ்ருதி போன்ற குழுக்கள் பழைய திரைப்பாடல்களை அப்படியே, இடையிசையின் ஒரு வயலின் வரிகூடக் குறையாமல் வாசித்துக் காட்டுவதையே தம் கலையாக வளர்த்தன. அது வெறும் நகல் எடுப்பு அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரிய வாத்தியக் குழு வாசித்ததைப் பத்துப் பேர் தெருமேடையில் கொண்டுவருவது பெரிய உழைப்பு.

சொந்தப் பாடல்களைப் பாடும் குழுக்களைக் கேட்க விரும்புபவர்கள் சனவரியில் ஐஐடியின் சாரங் விழாவைக் கவனிக்கலாம். மற்ற நாட்களில் விடுதிகளின் மதுக்கூடங்களிலும் காபிக் கடைகளிலும் சிறிய அரங்குகளிலும் அவர்கள் வாசிக்கிறார்கள். கர்நாடக ராகங்களை ஜாஸோடும் ராக்கோடும் இணைக்கும் ஜடாயு போன்ற சென்னைக் குழுக்கள் வெளிநாட்டு மேடைகளிலும் வாசித்துள்ளன. இத்தகைய குழுக்களுக்கென்று நிலையான இடங்கள் இந்த நகரத்தில் குறைவு. ஓர் இடம் மூடப்பட்டால் இன்னொன்று தோன்றப் பல மாதங்கள் ஆகின்றன. ஆகவே இடத்தைப் பின்தொடராமல் குழுக்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பின்தொடருங்கள். நுழைவுச் சீட்டைக் கேட்டு இலவசமாக வாங்காமல் பணம் கொடுத்து வாங்குங்கள். அந்தச் சிறு தொகையில்தான் அடுத்த நிகழ்ச்சி நடக்கும்.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகள் நடக்கின்றன. சிறுவர்களே பாடுவார்கள், வாசிப்பார்கள். மரத்தடியில், நடைப்பயிற்சிக்காரர்களும் காக்கைகளும் சூழ, குரல் தானாக எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் இசை. உங்கள் குழந்தை எழுந்து ஓடினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளை ராகசுதா அரங்கு போன்ற சிறிய இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேடை அருகில் இருப்பதால் விரல்களின் அசைவைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அது டிசம்பரின் கடைசி வாரமாக இருக்கட்டும். விடியும் முன் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போங்கள். தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் தன் காலத்தில் பாடிச் சென்ற அதே வீதிகளில் மார்கழி பஜனைக் குழு திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடி வரும். காலையில் அகாடமியின் விளக்க உரை. சபா கேன்டீனில் இலைச் சாப்பாடு. இரண்டு மணிக்கு ஏதேனும் ஓர் இளைய கலைஞரின் கச்சேரி. தனி ஆவர்த்தனம் முடியும்வரை இருங்கள். நான்கு மணிக்குப் புறப்பட்டு ராஜா அண்ணாமலை மன்றம். மெட்ரோவில் போவது நல்லது. சாலைகளில் மெட்ரோவுக்கான பணிகள் நடப்பதால் மயிலாப்பூரைச் சுற்றி நேரம் கணக்கிட முடியாது. அன்று மக்களிசை விழா நடக்கும் நாளாக இருந்தால் மாலையை அதற்கே கொடுத்துவிடுங்கள், மூத்த வித்துவானின் கச்சேரியை அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம். திரும்பும்போது கடைசி மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் என்பதை மறக்க வேண்டாம். கானா அதற்குள் முடியாது. ஆட்டோவுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.